ரெண்டு மூடி

"நான்தான் சொன்னேன்" என்று சொல்லி முடித்து, அப்பா கட்டைவிரலையும் பதிவுத் தட்டின் திரையில் வைத்துவிட்டார். பச்சை விளக்கு ஒருமுறை மினுக்கி அடங்கியது.

வரப்பில் மோர்த்தூக்கோடு நின்றிருந்தாள் நிறைமதி. ஐயோ, அப்பா எங்கே சொன்னார்? சொன்னது நான் அல்லவா என்று கத்த வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. தூக்குக்குள் மோர் தளும்பி அவள் பாவாடையில் சிந்தியதைக்கூட அவள் பார்க்கவில்லை.

"எப்போ சொன்னீங்க மருதமுத்து ஐயா?" என்று பிலோமினா கேட்டாள். முப்பது வயதிருக்கும். வெள்ளாமை யோசனை சொல்லும் ஊற்று அலுவலகத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்திருந்தாள். நொச்சிக்குடிக்காட்டில் அவளுக்குத் 'தடம் எடுக்குற மேடம்' என்று பேர்.

"போன திங்கக்கெழம. இல்ல, செவ்வா."

"என்னன்னு சொன்னீங்க?"

"டேங்க்குக்கு ரெண்டு மூடி களைமருந்து ஊத்துங்கண்ணேன்னு சொன்னேன்."

"உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. என் அனுபவம்தான்."

பிலோமினா பக்கத்தில் நின்ற ராசாங்கத்தின் பக்கம் திரும்பினாள். "ஆமாங்களா ஐயா? இவருதான் சொன்னாரா?"

ராசாங்கம் தன் ஒன்றரை ஏக்கரைப் பார்த்தபடியே தலையை ஆட்டினார். நட்டு இருபத்திரண்டு நாளான சின்ன வெங்காயம். வெந்நீரில் முக்கி எடுத்த கீரை மாதிரி தாள் வெளுத்து, மடிந்து, தரையோடு படுத்துக் கிடந்தது. ஒரு வரப்பு தள்ளி அப்பாவின் வெங்காயம் கருகருவென்று நிமிர்ந்து நின்றது. இரண்டுக்கும் அடித்தது ஒரே மருந்து. இரண்டுக்கும் டேங்க்குக்கு ரெண்டு மூடிதான்.

பிலோமினா தட்டைத் துணிப்பையில் வைத்தாள். "நாலு மணி வரைக்கும் பஞ்சாயத்து ஆபீஸ்ல இருப்பேன். யாராவது மாத்திச் சொல்லணும்னா அதுக்குள்ள வரலாம். ஃபைலை மூடிட்டா நானே நெனச்சாலும் தொறக்க முடியாது."

இதை எல்லோருக்கும் பொதுவாகத்தான் சொன்னாள். நிறைமதிக்கு மட்டும் தன் காதில் சொன்ன மாதிரி இருந்தது.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு குரல் செய்தி போனிலிருந்து போனுக்குத் தாவிக்கொண்டே போனது. மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தால் இன்ன இன்னதைக் கரைத்துக் குருத்தில் ஊற்று என்று யாரோ ஒரு ஆள் தங்கமான குரலில் சொன்னார். மூன்று மாவட்டத்துச் சனம் கரைத்து ஊற்றியது. மூன்று மாவட்டத்துச் சோளமும் குருத்தோடு அழுகியது. அந்தக் குரல் யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை.

அதற்கப்புறம்தான் ஊற்று வந்தது. காதில் மாட்டிக்கொள்கிற மணி மாதிரி ஒரு சின்ன மிசின். விதையா, உரமா, தண்ணீரா, எதைக் கேட்டாலும் சொல்லும். தப்பாகச் சொன்னதாக இதுவரை கேள்வி இல்லை. கூடவே ஒரு சட்டமும் வந்தது. வயலுக்குள் இறங்குகிற எந்த யோசனைக்கும் ஒரு பெயர் இருக்க வேண்டும். ஊற்று சொல்லிச் செய்து நட்டமானால் நிவாரணம் மறுநாளே வந்துவிடும். மனிதர் சொல்லிச் செய்து நட்டமானால், சொன்னவர் யார் என்று தடம் பிடித்து, அவர் பெயரை ஏற்றிய பிறகுதான் வரும். அப்படிப் பெயர் ஏறியவருக்கு மூன்று வருடம் சொல்தடை. வெள்ளாமை பற்றி யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது. அதை மீறி அவர் சொல்லைக் கேட்டவருக்கும் நிவாரணம் கிடையாது. ஆபீஸில் அதற்குச் சொல்தடை என்று பேர். ஊரில் வாய்ப்பூட்டு.

அன்றோடு, "என்ன மருந்து அடிச்ச?" என்ற பேச்சு ஊரைவிட்டுப் போயிற்று. அரைமணி நேரம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரர், பாட்டிலில் ஒட்டியிருந்த பொடி எழுத்தை விரலால் தொட்டுக் காட்டுவதோடு நிறுத்திக்கொண்டார். டீக்கடையில் மருமகன்களைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

மருதமுத்து அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். எதைச் செய்தாலும் தார்ரோட்டு ஓரத்து வயலில்தான் முதலில் செய்வார். பாட்டிலை உயரத் தூக்கி ஆட்டுவார். நிதானமாக ஊற்றுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். ரோட்டில் நாலைந்து பேர் பஸ்ஸுக்கு நிற்பதுபோல நிற்பார்கள். அந்த ரோட்டில் பஸ் போவதே கிடையாது.

அப்பா முன்னால் வீட்டுக்குப் போய்விட்டார். நிறைமதி போகவில்லை. ராசாங்கம் மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. ஒற்றை ஆள். நிறைமதி தூக்கை அவர் முன்னால் வைத்துவிட்டு நின்றாள்.

"உக்காரு. வெயிலு மண்டையில அடிக்குது."

உட்கார்ந்தாள். சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை. இருந்தாலும் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"பெரியப்பா, அன்னிக்கு அப்பா ஊர்லயே இல்ல. மோட்டாருக்குக் காயில் கட்ட பெரம்பலூர் போயிருந்தாரு. நான்தான் மடை மாத்திக்கிட்டு நின்னேன். நீங்க முதுவுல டேங்க்கோட வந்து கேட்டீங்க. நான்தான் ரெண்டு மூடின்னு சொன்னேன்."

"ம்."

"எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. உங்க கொல்லையத் திரும்பிப் பாக்கவே பயமா இருக்கு. அப்பா கேன் வாங்க மாட்டாரு. நூறு மில்லி பாட்டில்தான் வாங்குவாரு. அதோட மூடி இத்துனூண்டு இருக்கும், விரல்ல மாட்டுற மாதிரி. நீங்க கையில வச்சிருந்தது ஒரு லிட்டர் கேனு. அதோட மூடியில காப்பியே குடிக்கலாம். நான் அதப் பாக்கவே இல்ல பெரியப்பா. கேட்டவுடனே சொல்லிட்டேன்."

"ஏன் அவ்ளோ அவசரம்?"

நிறைமதி காலால் மண்ணைக் கிளறினாள். "என்கிட்ட யாரும் இப்படிக் கேட்டதே இல்ல. நீங்கதான் மொதல்ல கேட்டீங்க. பெரிய மனுசி ஆயிட்ட மாதிரி இருந்துச்சு."

ராசாங்கம் மோரை ஒரு மிடறு குடித்து, தூக்கைக் கீழே வைத்தார்.

"நீ சொன்னன்னு எனக்கு ஞாபகம் இல்லாமலா போயிடும்? நேத்து பொழுது சாய உங்கப்பன் வந்தான். 'அண்ணே, நான் சொன்னதா இருக்கட்டும், புள்ள காலேசு போவணும்'னான். சரிடான்னுட்டேன்."

"அப்பாவுக்கு எப்படித் தெரியும்?"

"மூணு நாளா நீ சோறு திங்கல. அவன் என்ன கண்ணு தெரியாதவனா?"

அவளுக்கு அழுகை முட்டியது. ராசாங்கம் மறுபடியும் ஆரம்பித்தார். அவர் குரல் அவருக்கே பிடிக்காத ஒன்றைச் சொல்கிறவர் குரலாக இருந்தது.

"ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத. மொத மூடிய ஊத்தறப்பவே எனக்குச் சந்தேகந்தான். என்னடா இது, கொழகொழன்னு இவ்ளோ எறங்குதேன்னு. எம்மணி வீட்டுல ஆணியில தொங்குது. போயி மாட்டிக்கிட்டு ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருக்கும்."

"ஏன் கேக்கல?"

"அதுகிட்ட கேட்டா சரியாத்தான் சொல்லும். சொன்னதோட பேச்சு முடிஞ்சு போயிடும். நாலு நாளா ஒரு மனுசனோடவும் நான் பேசல தாயி. வரப்புல உன்னப் பாத்தேன். கேட்டேன்." துண்டை உதறித் தோளில் போட்டார். "அதனால பாதி என்னோடதுதான். ஆனா அந்தத் தட்டுல பாதிப் பேர வைக்க எடம் இல்லயாம்."

"நான் போயி உண்மையச் சொல்லிடறேன்."

"சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா?"

தெரியும். அவளைப்போல் பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் மூன்று வருடம் இல்லை, இருபத்தொன்று முடிகிற வரைக்கும் தடை. வேளாண் கல்லூரி விண்ணப்பத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு; தடை இருந்தால் இடம் கிடையாது. பிளஸ் டூ மார்க் வந்த அன்றைக்கே அவள் அந்த விண்ணப்பத்தை மனப்பாடமாகப் படித்து வைத்திருந்தாள்.

வீட்டில் அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா ஒன்றும் நடக்காத மாதிரி ரசத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஏன்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"மூணு வருசம் வாய மூடிக்கிட்டு இருக்கறது ஒரு கஷ்டமா? உங்கம்மாகிட்ட இருவது வருசமா மூடிக்கிட்டுத்தானே இருக்கேன்."

"மூடுனாரு" என்றாள் அம்மா. "காலையில எந்திரிச்சதுலேர்ந்து உழவு, எரு, எலிப்பொறின்னு அந்த வாய் ஓயாது. மூணு நாளு மூடட்டும் பாக்கறேன்."

"நீ பாத்துக்கிட்டே இரு" என்று அப்பா சிரித்தார். நிறைமதி சிரிக்கவில்லை.

அப்பா சாப்பிட்டுக் கை கழுவும்போது வாசலில் ஆள் அரவம் கேட்டது. மேலத்தெரு வெள்ளையம்மா. கணவன் வெளிநாட்டில் இருக்க, தனியாளாகப் பருத்தி போட்டிருந்தவள். முந்தானைக்குள் ஒரு பருத்திக் கிளையை மறைத்து எடுத்து வந்திருந்தாள். இலையெல்லாம் கீழ்ப்பக்கமாகச் சுருண்டிருந்தது.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று கிளையை அப்பாவின் கண்ணில் படும்படி திண்ணையில் வைத்தாள். ஊரில் எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். கேட்காமல் கேட்பது. அப்பாவும் வழக்கமாக அந்த இலையை எடுத்துத் திருப்பிப் பார்ப்பார். அப்புறம் தன் பருத்திக்கொல்லைப் பக்கம் நடப்பார். வந்தவர் பின்னாலேயே போவார்.

இன்று அப்பாவின் கை கிளையை நோக்கி நீண்டது. பாதியில் நின்றது. வேட்டியில் ஈரத்தைத் துடைப்பதுபோல அதை இழுத்துக்கொண்டார்.

"வெயிலு சாஸ்திதான் இந்த வருசம்" என்றார்.

வெள்ளையம்மா புரியாமல் பார்த்தாள். "இல்லண்ணே, இது..."

"ஆமாமா, ஒரே வெயிலு." திரும்பி உள்ளே வந்துவிட்டார். உள்ளே வந்தவருக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. மாட்டியிருந்த சட்டையை எடுத்து உதறி மறுபடியும் மாட்டினார். கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். வெள்ளையம்மா கிளையை எடுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்கும்வரை சுவரைப் பார்த்தபடி நின்றார்.

கோர்ட்டு வாசலில் நின்ற ஆட்களுக்குக்கூட அப்படி ஒரு முகம் இருந்து நிறைமதி பார்த்ததில்லை. தடை இன்னும் தொடங்கவே இல்லை. நாலு மணிக்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது.

அவள் சைக்கிளை எடுத்தாள்.

பஞ்சாயத்து ஆபீஸில் பிலோமினா தனியாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைக் காகிதத்தால் துடைத்துக்கொண்டிருந்தாள். மின்விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றியது.

"வா. மோர்த்தூக்கு வச்சிருந்த பொண்ணுதானே நீ?"

"எங்கப்பா சொல்லல மேடம். நான்தான் சொன்னேன்." சைக்கிளில் வரும்போது முப்பது தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம். எங்கேயும் திக்காமல் வந்துவிட்டது. மீதியையும் கொட்டினாள். பெரம்பலூர், காயில், நூறு மில்லி பாட்டில், கேன், காப்பி குடிக்கிற மூடி.

பிலோமினா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"உங்கப்பா உனக்காகச் சொன்னாருன்னு எனக்குக் காலையிலயே தோணுச்சு. மில்லி கணக்குல ஒரு சொட்டு தவறாத ஆளு, கேனுக்குப் போயி ரெண்டு மூடின்னு சொல்வாரா? ஆனா விரல் வச்சா நான் எழுதணும். அவ்ளோதான் என் வேலை." தட்டை எடுத்து மேசையில் வைத்தாள். "சரி, இப்போ உன்னக் கேக்கறேன். உனக்கு யார் சொன்னது, ரெண்டு மூடின்னு?"

இந்தக் கேள்வி தனக்கும் வரும் என்று நிறைமதிக்குத் தோன்றவே இல்லை. அப்பா என்று சொன்னால் தடம் நேரே அப்பாவிடம்தான் போய் நிற்கும். அவர் பெயர்தான் ஏறும். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்ததெல்லாம் வீண். பொய் சொல்லலாம். வாய் வரவில்லை.

"உங்கப்பாதானே?" என்று பிலோமினா எடுத்துக் கொடுத்தாள்.

நிறைமதி யோசித்தாள். களைமருந்து அடிக்கும் காலையில் அப்பா அவளிடம் என்னதான் சொல்லியிருக்கிறார்? தள்ளி நில்லு என்பார். காத்து அடிக்கிற பக்கம் வராத என்பார். வேறு ஒன்றும் சொன்னதாக ஞாபகமே இல்லை.

"அப்பா சொல்லல மேடம். யாருமே சொல்லல. அவரு ஊத்தறத நான் பாத்தேன்."

"பாத்தியா?"

"சின்ன வயசுலேர்ந்து பாத்துக்கிட்டே இருக்கேன். ஒரு மூடி, ரெண்டு மூடி. வாயத் தொறந்து அவரு ஒண்ணுமே சொன்னது இல்ல."

பிலோமினா தட்டின் திரையை விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "'சொன்னவர்'னு ஒரு கட்டம் இருக்கு. 'கேட்ட இடம்'னு ஒண்ணு இருக்கு. பாத்ததுக்கு இதுல கட்டமே இல்லையே."

"அப்போ என்ன ஆகும்?"

"சொன்னவர் இல்லன்னா தடம் உன்கிட்டயே நின்னுடும்."

"நிக்கட்டும்."

"காலேஜ்?"

நிறைமதி கட்டைவிரலை நீட்டினாள். பிலோமினா அப்பாவின் பதிவை அழித்துவிட்டுத் தட்டை அவள் பக்கம் திருப்பினாள். விரல் ஈரமாக இருந்ததால் முதல் தடவை ஏற்கவில்லை. பாவாடையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். பச்சை விளக்கு மினுக்கியது.

"நிறைமதி, தகப்பனார் மருதமுத்து. இந்த நிமிடம் முதல் இருபத்தொரு வயது நிறையும் வரை பயிர், மண், விதை, மருந்து குறித்து எவருக்கும் வாயாலோ எழுத்தாலோ யோசனை சொல்லக் கூடாது. சொன்னால் கேட்டவருக்கும் பாதுகாப்பு கிடையாது. புரிஞ்சுதா?" படிக்கிற குரலில் ஆரம்பித்து, கடைசி வார்த்தையில் மட்டும் பேசுகிற குரலுக்கு வந்தாள்.

"புரிஞ்சுது மேடம்."

"ராசாங்கம் ஐயாவுக்கு நாளைக்கே நிவாரணம் வந்துடும். உங்கப்பா பேரு சுத்தமா இருக்கு."

அதைக் கேட்டதும் நிறைமதிக்கு மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த பாறை உருண்டு போயிற்று. அந்த இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. அது அப்படியே இருந்தது.

நாலு அடித்து ஐந்து நிமிடத்தில் பிலோமினா ஆபீஸைப் பூட்டிவிட்டு வந்தாள். ஸ்கூட்டரில் பையை மாட்டினாள். சாவியைப் போட்டாள். வண்டியை எடுக்கவில்லை. ரோட்டை ஒருமுறை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தாள். பிறகு காதிலிருந்த மணியைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி, பேச்சு அதற்குக் கேட்காதபடி டிபன் பாக்ஸுக்குள் வைத்து அழுத்தி மூடினாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?"

சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்த நிறைமதி நின்றாள்.

"எங்கப்பா செயங்கொண்டம் பக்கம் ஒரு ஏக்கர் கடலை போட்டிருக்காரு. பூ எடுக்கற நேரம். எலையெல்லாம் மஞ்சளாப் போவுது, நரம்பு மட்டும் பச்சையா நிக்குது. ஊற்றுகிட்ட கேட்டேன். சொல்லுச்சு. அப்பாகிட்டப் போயிச் சொன்னா, 'மிசினு சொன்னதெல்லாம் எனக்கு வேணாம், நல்லா வெள்ளாமை பண்ற வூட்டுல கேட்டுட்டு வா'ங்கறாரு. ஒரு வாரமா மல்லுக்கு நிக்கறேன். செடி போயிக்கிட்டே இருக்கு." அவள் நிறைமதியின் கண்ணைப் பார்க்காமல் ஸ்கூட்டரின் கண்ணாடியைச் சரி செய்தாள். "உங்க வீட்டுல இதுக்கு என்ன பண்ணுவீங்க?"

இது மேடம் கேட்கிறதா, இல்லை கடலைக்காரர் மகள் கேட்கிறதா? விரல் வைத்து முழுசாகப் பத்து நிமிடம் ஆகவில்லை. நிறைமதி பிலோமினாவின் வெறுங்காதைப் பார்த்தாள். கம்மல் ஓட்டை மட்டும் இருந்தது. கழுத்தில் வேர்வை வழிந்தது. சோதித்துப் பார்க்க வந்தவள் இப்படி வேர்த்து நிற்பாளா என்று தோன்றியது. நிற்கவும் கூடும் என்றும் தோன்றியது.

பதில் அவளுக்குத் தெரியும். போன கார்த்திகையில் அவர்கள் கடலையும் இப்படித்தான் மஞ்சளித்தது. அப்பா இரும்புச்சத்துக்கு அன்னபேதி உப்பை வாங்கி வந்தார். டேங்க்குக்கு ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டு, குச்சியால் கலக்கி, விடிகாலையில் அடித்தார். எட்டாம் நாள் செடி பச்சை கட்டிவிட்டது. ஒரே ஒரு வார்த்தை போதும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தும்விட்டது.

பிலோமினா காத்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவின் கைப்பிடி எவ்வளவு என்று நிறைமதிக்குத் தெரியும். செயங்கொண்டத்தில் மஞ்சளித்த செடிக்கு நடுவில் நின்றுகொண்டிருக்கிற அந்த மனிதரின் கை எவ்வளவு பெரியது?